நுண்ணுயிர் கள்

எங்கள் வீட்டுக்கு இரண்டு காணி தள்ளி, தவறணையில் விற்று முடியாத பனங்கள்ளைக் காய்ச்சி எரிசாராயம் எடுக்கும் சின்ன ஆலை ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்று களைத்திருந்த நேரம் அது. கள்ளில் எடுத்த சாராயத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடும் என்றதும் தென்மராட்சியில் எங்கள் பக்கம் முழுக்க ஒரே புளுகமும் சந்தோசமும். நான் மட்டும் மிஞ்சப்போகும் கழிவுநீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு போத்தல் சாராயம் எடுத்தால் அதைப்போலப் பல மடங்கு கழிவு வரும். கபில நிறம், புளித்த வாடை, தொட்டால் கை வேகும் சூடு. எங்கள் நிலமோ சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே போக ஆரிடமும் வழி கேட்பதில்லை. இன்று பின்னேரம் பள்ளத்தில் விட்ட தண்ணீர் நாளைக்கு என் கிணற்றில் நிற்கும். அந்தக் கிணற்றில் நாங்கள் மட்டுமல்ல, ஒழுங்கையில் உள்ள ஒன்பது வீடும் குடிக்க அள்ளுகிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஆலைக்காரருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் பதில் வரவில்லை. நான்காவதை எழுதிக்கொண்டிருந்தபோது ஆலையின் பொறியியலாளர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்து இறங்கினார். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டதால் நானும் மிஸ் என்றே கூப்பிட்டேன்.

"அண்ணை, உங்கடை கடிதம் மூண்டையும் வாசிச்சனான்," என்றார். "இவ்வளவு பயம் உள்ள ஆள் எங்களுக்கு வேணும். கழிவுத் தொட்டியைப் பாக்க வாறியளோ?"

என் மனைவி குசினிக்குள் இருந்தபடியே, "அவர் வருவார். எங்கடை தண்ணித் தாங்கியை ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறிப் பாக்கிறவர். அதைச் சம்பளத்துக்குப் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் நான் கழிவுத் தொட்டிக்குக் காவல் ஆனேன்.

வேலை விளங்கிக்கொள்ளக் கஷ்டமானதல்ல. காய்ச்சி முடிந்த கழிவு முதலில் ஒரு குழியில் ஆறும். அதிலே சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்க வேண்டும். பிறகு அது பெரிய திறந்த தொட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். தொட்டியின் அடியிலிருந்து மெசின் ஒன்று காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் கழிவைத் தின்னும். தின்று முடித்த தண்ணீர்தான் வெளியே போகலாம். ஒவ்வொரு நாள் காலையும் தொட்டியில் ஒரு கண்ணாடிக் குழாய் நிறைய மொண்டு அரை மணித்தியாலம் அசையாமல் வைப்பேன். பூச்சிகள் சுகமாக இருந்தால் கபிலச் சேறு கீழே படிந்து மேலே தண்ணீர் தெளியும். முதல் மழைக்கு மண் மணப்பதுபோல ஒரு வாசம் வரும். அந்த வாசம் வரும்வரை நான் காலைத் தேத்தண்ணீர் குடிப்பதில்லை.

ஆட்கள் வேலிக்கு மேலால் வெற்றிலை துப்புவதையும் கோழித் தூவல் எறிவதையும் கண்டு, ஓர் அறிவிப்புப் பலகை போடுவோம் என்று மிஸ்ஸிடம் சொன்னதும் நான்தான். அதற்காக இன்றைக்கும் என்னையே குறை சொல்லிக்கொள்கிறேன். மிஸ் ஒரு தாளில் எழுதித் தந்தார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும் நுண்ணங்கி என்ற சொல் ஊருக்கு விளங்காது என்று நுண்ணுயிர்கள் என்று போட்டார். "இங்கு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. தொட்டியினுள் எதனையும் போடாதீர்கள்." இவ்வளவுதான். பலகை எழுதும் என் மைத்துனனிடம் தாளைக் கொடுத்தேன்.

அவன் கொண்டுவந்து நட்ட தகரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தகரம் ஒடுக்கம். 'நுண்ணுயிர்' ஒரு வரியில் முடிந்துவிட்டது. 'கள்' இரண்டு எழுத்தும் தனியாக அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன. அதற்குக் கீழே 'உண்டு'. கடைசியிலும் அப்படியே, 'போடாதீர்' ஒரு வரி, 'கள்' இன்னொரு வரி.

"என்னடா இது?"

"என்ன அத்தான்?"

"ஏன் இந்த எழுத்து மட்டும் இவ்வளவு பெரிசு?"

"வரி நிரம்ப வேணுமெல்லே. ரண்டு எழுத்தைச் சின்னனா எழுதி நடுவிலை விட்டால் போர்ட் வெறிச்செண்டு கிடக்கும்."

"சிவப்பு ஏன்?"

"கறுப்பு முடிஞ்சுது."

ஆக, வீதியில் போகிறவனுக்கு வேப்பங்கொப்பு மேல் வரிகளை மறைக்க, முதலில் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: சிவப்பு எழுத்தில், முழ அகலத்தில், கள் உண்டு.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கே வாசலில் இரண்டு பேர். ஒருவர் நெடுவல், மற்றவர் கட்டை. இருவரும் எங்கள் சந்தித் தவறணையில் தினமும் இருக்கிறவர்கள். நெடுவல் தன்னுடைய பிளாவை, அதுதான் ஓலையில் மடித்த கள்ளுக் கோப்பையை, கையோடு கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, உந்தப் புதுக் கள்ளிலை ஒரு போத்தில் தாரும்."

"இஞ்சை கள்ளு விக்கிறேல்லை அண்ணை."

"போர்டிலை கிடக்கு. கிட்ட வந்து வாசிச்சுப்போட்டுத்தான் கேக்கிறம். நுண்ணுயிர்க் கள்ளு."

"அது கள்ளில்லை. அது பன்மை."

நெடுவல் கட்டையைப் பார்த்தார். கட்டை என்னைப் பார்த்தார்.

"பனங்கள்ளு குடிச்சிருக்கிறன். தென்னங்கள்ளு குடிச்சிருக்கிறன்," என்றார் நெடுவல். "பன்மைக் கள்ளு இன்னும் குடிக்கேல்லை."

நான் அவர்களைத் தொட்டிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். மிஞ்சின கள்ளைக் காய்ச்சுகிறோம், வரும் சாராயத்தில் ஆரும் வாய் வைக்காதபடி கசப்பு மருந்து கலக்கிறோம், அது தண்ணீர் இறைக்கும் மெசினுக்குப் போகிறது, கழிவு பூச்சிகளுக்குப் போகிறது. கட்டை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மெசின் குடிக்குது. பூச்சி குடிக்குது. மனிசன் மட்டும் குடிக்கேலாது."

"அப்பிடி இல்லை அண்ணை..."

"அப்பிடித்தானே சொல்லுறீர்."

அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் பன்மைக் கள் என்ற பெயர் நின்றுவிட்டது. கொடிகாமத்திலிருந்துகூட ஆள் வந்தது. பலகையை மாற்றித் தரும்படி மைத்துனனைக் கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். ஆரும் தொட்டிக்குள் இறங்கிக் குடித்துவிடுவார்களோ என்பதுதான் அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருந்த பயம். அந்தப் பயத்தில் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன். 'கள்' என்பதை மட்டும் வாசித்தவர்கள் குடிக்க வந்தார்கள். 'நுண்ணுயிர்' என்பதை மட்டும் வாசித்த ஓர் ஆளும் ஊரில் இருந்தார்.

அவர் எங்கள் வாசிகசாலைத் தலைவர், இளைப்பாறிய ஆசிரியர். எனக்குப் படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமை மானிப்பாயில் ஒரு சொந்தக்காரர் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய்விட்டு நான் பஸ்ஸால் இறங்க, மாஸ்டர் சந்தியில் நின்று கை காட்டினார். காற்சட்டையில் வெள்ளைத் தூள்.

"உனக்கு ஒரு வேலை மிச்சம் பிடிச்சு வைச்சிருக்கிறன்," என்றார்.

"என்ன மாஸ்டர்?"

"டெங்குச் சிரமதானம் செய்தனாங்கள். எல்லாக் கிணத்துக்கும் குளோரின் போட்டு முடிச்சு, ரண்டு பை மிச்சம் இருந்தது. உங்கடை தொட்டியிலை கொட்டி விட்டிருக்கிறம்."

பஸ் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது.

"அதுக்குள்ளை பூச்சி இருந்தது மாஸ்டர்."

"தெரியும். போர்டிலையே எழுதி வைச்சிருக்கிறியள், நுண்ணுயிர் உண்டெண்டு. எழுதி வைச்சுப்போட்டுச் சும்மா இருக்கிறதோ?"

"அது நாங்கள் வளக்கிறது."

"நுண்ணங்கியை வளக்கிறதோ?" அவர் என் முகத்தைக் கவலையோடு பார்த்தார். "நீ எட்டாம் வகுப்போடை நிண்டனி. ஒன்பதிலைதான் அந்தப் பாடம். அதுதான் பிரச்சினை."

தொட்டிக்கு ஓடினேன். அந்தியேட்டி வேட்டி காலைத் தட்டியது. மேலே வெள்ளை நுரை. ஆஸ்பத்திரி வாசம். கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தால் அரை மணித்தியாலம் போயும் ஒன்றும் படியவில்லை. கலங்கல் அப்படியே நின்றது. மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"எல்லாம் முடிஞ்சுதோ அண்ணை?"

"எல்லாம் முடிஞ்சுது மிஸ்."

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்துக் காணிப் பெண் இதைக் கேட்டுவிட்டு, "ஐயோ, ஆரண்ணை? எப்ப எடுக்கிறியள்?" என்று விசாரித்தார். செத்தது பூச்சி என்று நான் சொன்னபோது, பகிடி பண்ணுகிறேன் என்று கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கணக்கு. தொட்டிக்குள் இனிக் கழிவு விட முடியாது. கழிவு ஆறும் குழியில் மூன்று நாளைக்குத்தான் இடம் இருந்தது. அதற்கு மேல் வந்தால் வழிந்து பள்ளத்துக்குப் போகும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் என் வேலி, வேலிக்குள் கிணறு. ஆலை மனேச்சரிடம் போய் மூன்று நாள் காய்ச்சாமல் விடச் சொல்லிக் கேட்டேன்.

"விடலாம். கள்ளை என்ன செய்யிறது?" என்றார் அவர். "சீவல் காலம். மரத்துக்கு நான் லீவு குடுக்கேலாது. தவறணை எடுத்தது போக மிச்சம் எல்லாம் இஞ்சைதான் வரும். காய்ச்சாட்டிக் கள்ளாவே பள்ளத்துக்குப் போகும், அது கழிவிலும் கேடு."

அவர் சொன்னதும் சரி. அதனால் எனக்கு இன்னும் பயம் கூடியது. வீட்டுக்கு வந்து, இன்று முதல் எங்கள் கிணற்றில் ஆரும் அள்ள வேண்டாம் என்று சொன்னேன். மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு சந்திக் குழாய்க்குப் போனாள்.

மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு ஹோட்டலின் பின்பக்கத்தில் இதே மாதிரித் தொட்டி இருக்கிறது, அங்கே உயிருள்ள சேறு தருவார்கள். அதைக் கொண்டுவந்து விட்டால் பெருகும். ஆனால் வழியில் காற்று இல்லாமல் கிடந்தால் அதுகளும் மூச்சடைத்துப் போகும். "கிளறிக்கொண்டே வாங்கோ அண்ணை. நிப்பாட்டக் கூடாது."

மைத்துனன் குற்ற உணர்ச்சியில் சினேகிதனின் சின்னப் பட்டா லொறியை எடுத்துக்கொண்டு வந்தான். திங்கள் காலை ஹோட்டலில் நான்கு பிளாஸ்டிக் பரல் நிறையச் சேறு ஏற்றினோம். சோறு கிண்டும் நீளமான அகப்பை ஒன்றை ஹோட்டல் சமையல்காரர் தந்தார். திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னார். நான் பின்னால் ஏறி நின்று, ஒரு பரலில் முப்பது தரம் கிளறி, அடுத்த பரலுக்குப் போய், அரியாலை வரைக்கும் நன்றாகத்தான் வந்தேன். அரியாலை தாண்டி, கடல்நீரேரிப் பக்கம் வீதியில் இரண்டு பொலிஸ்காரர் கை காட்டினார்கள்.

திறந்த லொறியில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவன் பரல் பரலாகக் கபிலத் தண்ணீரைக் கிண்டிக்கொண்டு போனால் ஆர்தான் மறிக்க மாட்டார்கள்? களவாகக் கசிப்புக் காய்ச்சுகிறவர்கள் ஊறப்போடும் கோடாவும் இதே நிறம்தான்.

"என்ன இது? கோடாவோ?"

"சேறு சேர்."

"சேறை ஏன் கிளறுறாய்?"

"மூச்சு விடோணும்."

"ஆர்?"

"அதுகள் சேர்."

அவர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"எங்கை கொண்டு போறியள்?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "கள்ளுக் காய்ச்சுற இடத்துக்கு," என்றேன்.

"இறங்கு."

"இறங்கினால் செத்துப் போகும் சேர். நிண்டபடி கதைக்கிறன்."

"அடையாள அட்டையை எடு."

"கையை எடுக்கேலாது சேர். மேல் பொக்கற்றிலை கிடக்கு."

இளைய பொலிஸ்காரர் லொறியில் ஏறினார். பரலுக்குள் குனிந்து மணந்து பார்த்தார். என் சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் நான் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுப் பத்திரமும், நான்கு கடிதத்தின் பிரதியும், மருந்துத் துண்டும் என்று எப்போதும் எல்லாம் கொண்டு திரிகிறவன் நான். அடையாள அட்டை அவற்றுக்கு அடியில் இருந்தது. அதுவரைக்கும் அகப்பையை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிவிட்டார். நான் தாள்களைப் பிரித்துக்கொண்டிருக்க, தொப்பி போட்ட அந்தப் பிள்ளை வாவிக் காற்றில் நின்று கிளறிக்கொண்டிருந்தார். "அடியிலை இருந்து கிளறுங்கோ சேர்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் அடியிலிருந்து கிளறினார்.

"கோடா இப்பிடி மணக்காது," என்று கீழே நின்றவருக்குச் சொன்னார். "மழை மணம் மாதிரிக் கிடக்கு."

விட்டுவிட்டார்கள். நாவற்குழி தாண்டும்வரை நான் அகப்பையை நிறுத்தவில்லை.

மிஸ் குளோரினை முறிக்கும் மருந்து போட்டுத் தொட்டியை ஆயத்தமாக வைத்திருந்தார். நான்கு பரலையும் கவிழ்த்தோம். காய்ச்சலில் எழும்பினவருக்குக் கஞ்சி கொடுப்பதுபோல முதல் நாள் இரண்டு வாளிக் கழிவு, அவ்வளவுதான். குழியோ மூன்று நாளில் நிரம்பிவிடும், அதில் ஒரு நாள் போய்விட்டது. பூச்சிகள் பெருகக் குறைந்தது இன்னும் மூன்று நாள் வேண்டும் என்றார் மிஸ். நான் பனை மட்டை ஒன்றில் விரற்கணக்குக் குறித்துக் குழிக்குள் நட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இடிக்கிறது. எப்படிப் போட்டாலும் இடிக்கிறது.

அந்த ஒரு நாளுக்கான வழி தெரிந்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது. தவறணை எடுத்தது போக மிச்சம்தான் ஆலைக்கு வரும் என்று மனேச்சர் சொன்னாரே. தவறணையில் கூட விற்றால் ஆலைக்குக் குறையும். ஆலைக்குக் குறைந்தால் கழிவு குறையும். வாழ்நாளில் கள்ளைத் தொடாத நான் செவ்வாய்க்கிழமை பின்னேரம் தவறணைக்குள் போய் நின்றேன்.

நெடுவலும் கட்டையும் நீளமான மர வாங்கில் இருந்தார்கள்.

"அண்ணை, கொஞ்சம் கூடக் குடிக்கோணும்," என்றேன்.

"ஆர்?"

"எல்லாரும். ரண்டு நாளைக்கு. கிணத்துக்காக."

நான் முழுவதையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டை பிளாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"நாங்கள் குடிச்சால் உம்மடை கிணறு தப்புமோ?"

"தப்பும்."

"என்ரை மனிசிக்கு இதை ஒருக்கால் எழுதித் தாரும்."

எழுதிக் கொடுத்தேன். எத்தனை பேருக்கு எழுதினேன் என்று ஞாபகமில்லை. ஒழுங்கைப் பெண்கள் முதலில் ஏசினார்கள். தப்பப்போவது தங்கள் குடிதண்ணீர்க் கிணறுதான் என்று விளங்கியதும், "ரண்டு நாளைக்கு மட்டும்," என்று கட்டுப்பாடு போட்டு விட்டார்கள். எங்கிருந்தோ கேள்விப்பட்டு மாஸ்டரும் வந்தார். தவறணை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வாங்கின் நுனியில் இருந்தார்.

"நான் செய்த பிழை. எனக்கும் ஒண்டு ஊத்தச் சொல்லு."

"உங்களுக்கு வேண்டாம் மாஸ்டர். பழக்கமில்லை."

"சிரமதானம் எண்டால் எல்லாரும்தான்."

ஒரு பிளா குடித்தார். அரைவாசியில், நுண்ணங்கிகளில் நன்மை செய்வனவும் உண்டு, தீமை செய்வனவும் உண்டு, தான் வகுப்பில் இரண்டாவதை மட்டுமே படிப்பித்துவிட்டதாக அங்கிருந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். கள்ளைப் புளிக்க வைப்பதும் அதுதான் என்று அவர் சொன்னபோது நெடுவல் எழும்பி நின்று தன் பிளாவுக்குள் நன்றாகப் பார்த்தார்.

புதன் காலை ஆலைக்கு வழமையில் பாதிதான் கள் வந்தது. வியாழன் அதிலும் குறைவு. மனேச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழியில் கழிவு ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மெதுவாக. வியாழன் பின்னேரம் விளிம்புக்கு இரண்டு விரற்கடை இருந்தது. நான் குழிக்கரையைவிட்டு அசையவில்லை. வெள்ளி விடிய மிஸ் வந்து தானே கண்ணாடிக் குழாயில் மொண்டு வைத்தார். இருவரும் அதன் முன்னால் குந்தியிருந்தோம். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. இருபது நிமிடத்தில் கலங்கலுக்குள் ஒரு கோடு தெரிந்தது. கோடு கீழே இறங்கியது. அதற்கு மேலே மஞ்சள் கலந்த தெளிந்த தண்ணீர்.

"திறவுங்கோ அண்ணை," என்றார். "கொஞ்சமா."

குழியிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயைக் கால் சுற்றுத் திறந்தேன். மத்தியானத்துக்குள் குழி ஒரு விரல் இறங்கியது. அடுத்தடுத்த நாட்களில் அரைச் சுற்று, முழுச் சுற்று.

மிஸ் எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வர நாலைந்து நாள் ஆனது. ஆலை வருவதற்கு முன் எடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று போனில் சொன்னார். இன்னொருக்கால் எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். தேவையில்லை என்றார். அப்படியென்றால் வேறு இடத்தில் கொடுத்துப் பார்ப்போமா என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி கிணற்றடியில் வாளியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ. சந்தியிலை இருந்து தண்ணி தூக்கி என்ரை இடுப்பு முறிஞ்சு போச்சுது. அள்ளலாமோ, அள்ளக் கூடாதோ?"

"பொறும். முதல் வாளியை நான் குடிச்சுப் பாத்து, பின்னேரம் மட்டும் இருந்து..."

"நீங்கள் பின்னேரம் மட்டும் இருந்து பாத்தால் இண்டைக்குச் சோறு அவியாது. ஓமோ, இல்லையோ?"

"ஓம்," என்றேன். "அள்ளும்."

அவள் வாளியை இறக்கினாள். ஒழுங்கையில் குடங்களோடு நின்ற பெண்கள் அந்தச் சத்தம் கேட்டதும் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.